இந்த நம்பர் அடிச்சா யார் எடுப்பா?

1. முதல் நாள், முதல் கேள்வி

அந்த அறையில் நான் கேட்ட முதல் கேள்விக்கே எனக்குச் செருப்படி விழுந்திருக்க வேண்டும். விழாமல் போனதற்கு ஒரே காரணம், அந்த அம்மாள் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்திருந்ததுதான்.

நான் மருந்தாளுநர். திருநெல்வேலி வட்டாரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் ஜன்னலுக்குப் பின்னால் நின்று மாத்திரை எண்ணியவன். சீட்டு வரும், மாத்திரை போகும், "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று கத்துவேன், கை மறைந்துவிடும். முகம் பார்க்கிற வேலையே கிடையாது. ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போது ஹெபடைடிஸ் சி சிகிச்சைக்கென்று தனி அறை திறந்தார்கள். "தேவசகாயம், நீங்க அங்கன போயிருங்க, உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி" என்றார்கள். உண்மையான காரணம் என் தொப்பை. நான் நின்றால் பழைய மருந்தகத்தில் இன்னொருவர் குறுக்கே நடக்க முடியாது.

ஹெபடைடிஸ் சி என்பது ரத்தத்தின் வழியாக வந்து ஈரலில் குடியேறுகிற வைரஸ். பலருக்குக் கண்ணில் மஞ்சள்கூடக் காட்டாது. இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் குடியிருந்துவிட்டு, பிறகு ஒருநாள் வீட்டையே இடிக்கப் பார்க்கும். நல்ல செய்தி என்னவென்றால் இப்போது இதற்கு மாத்திரை உண்டு. தினம் ஒரு வேளை, எண்பத்து நான்கு நாள், விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குக் கிருமி அடியோடு போய்விடும். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து: சோஃபோஸ்புவிர், டாக்லடாஸ்விர். இதைத் தடுமாறாமல் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. வெற்றிலை போட்ட வாயோடு யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

பெண்களுக்கு மாத்திரை தொடங்கும் முன் ஒரு கேள்வி கட்டாயம். கர்ப்ப காலத்தில் பொதுவாக இந்த மருந்தைத் தொடங்குவதில்லை. அதற்காகப் படிவத்தில் எல்.எம்.பி. என்று ஒரு கட்டம் இருக்கும். கடைசி மாதவிடாய்த் தேதி. அதைக் கேட்டு எழுத வேண்டியவர் எங்கள் ஹெலன் சிஸ்டர். அன்றைக்கு அவர் தடுப்பூசி முகாமுக்குப் போய்விட்டார். நான் அகப்பட்டுக்கொண்டேன்.

முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் இசக்கியம்மாள். நாற்பத்தாறு வயது. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம். பீடி சுற்றும் தொழில். நானோ பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்து, ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போய், 'மாதவிடாய்' என்ற சொல்லை வாயால் உச்சரிக்காமலே ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவன். வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் "இந்த மாசம் குளிச்சாச்சா?" என்று சாடையாகப் பேசிக்கொள்வது காதில் விழுந்ததுண்டு. அந்தச் சாடையைப் பிடித்துக்கொண்டேன். படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மிக மரியாதையாகக் கேட்டேன்.

"கடைசியா எப்பம்மா குளிச்சிய?"

இசக்கியம்மாள் முந்தானையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, நாறுதா?"

"ஐயோ, அப்படியில்ல..."

"விடியக்கருக்கல்ல ஆத்துல முங்கிட்டுத்தான் பஸ் ஏறினேன். உச்சியில இன்னும் ஈரம் காயல. தெரியலையா உங்களுக்கு?"

"இல்லம்மா, நான் கேட்டது தலைக்கு..."

"தலைக்குந்தான் குளிச்சேன்! ஷாம்பு போட்டுக் குளிச்சேன்! ஆஸ்பத்திரிக்குல்லா போறோம்னு!"

"அம்மா, அது தாமிரபரணிக் குளி. நான் கேக்கது மாசக் குளி."

இசக்கியம்மாள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. பெஞ்சு ஆடியது. வெளியே வரிசையில் நின்றவர்கள், உள்ளே இலவசமாக ஏதோ கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

"அதைக் கேக்கியளா? அது நிக்கவே மாட்டேங்கு அண்ணாச்சி. மாசத்துல பாதி நாள் அதுதான். அதுக்குத்தான கர்ப்பப்பை ஆபரேசனுக்கு வந்தேன். ஆபரேசனுக்கு முந்தி ரத்தம் எடுத்தாவ. ஈரல்ல கிருமி இருக்கு, மொதல்ல அதப் பாருன்னுட்டாவ. ஒண்ணுக்கு வந்த எடத்துல இன்னொண்ணு கெடைச்சிருக்கு."

ஒருவழியாகத் தேதி எழுதி, கர்ப்பம் இல்லை என்ற டெஸ்ட் சீட்டையும் பின் குத்தி, மாத்திரை டப்பாவைக் கொடுத்தேன். "இருபத்தெட்டு இருக்கு. ஒரு மாசத்துக்கு" என்றேன்.

"எங்க பீடிக் கணக்குல ஒரு கட்டுன்னா இருவத்தஞ்சு. மிச்சம் மூணும் கழிவா?"

"இங்க கழிவே கிடையாது. ஒண்ணுகூட விடக் கூடாது."

எழுந்திரிக்கும்போது குரலைத் தாழ்த்தினார். சிரித்த முகம் அது இல்லை. "வீட்டுக்குத் தெரியாது அண்ணாச்சி. பி.எஃப். ஆபீசுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எங்க தெருவுல ஒருத்திக்கு டி.பி.ன்னு தெரிஞ்சு தனித் தட்டு, தனி டம்ளர் வச்சாவ. பெறகு அவ அம்மா வீட்டுக்கே அனுப்பிட்டாவ. சொகமாயித் திரும்பி வந்துட்டா. டம்ளர் மட்டும் இன்னும் தனியாத்தான் இருக்கு. எனக்கும் அந்த கெதி வந்துரப்புடாது."

"அந்தக் கவலையே வேண்டாம்மா. எங்க வாயிலருந்து ஒரு சொல் வராது" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். பிறகு படிவத்தின் கடைசிக் கட்டத்துக்கு அவர் மூச்சுவிடாமல் ஒப்பித்த போன் நம்பரை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

2. அசதியை எப்படி அளப்பது?

அந்த அறையில் கொஞ்ச நாள் உட்கார்ந்ததும் ஒன்று பிடிபட்டது. ஆண்களுக்கு இந்தக் கிருமி இருப்பது விசா மெடிக்கலிலோ, ரத்த தானம் செய்யப் போன இடத்திலோ தெரியவரும். பெண்களுக்குப் பிரசவ நேரத்திலோ ஆபரேஷனுக்கு முன்போ தெரியவரும். ஆண் ஊரை விட்டுக் கிளம்பும்போது மாட்டுகிறான். பெண் படுக்கையில் விழுந்தால்தான் மாட்டுகிறாள்.

இசக்கியம்மாள் வந்த அதே வாரம் மரக்கடை அண்ணாச்சி ஒருவர் வந்தார். கூட மனைவி, மகன், மச்சான், ஒரு ஃபைல். அவருக்குக் கிருமி என்பது அவர் தெருவுக்கே தெரியும். தெரு முறைபோட்டு இளநீர் அனுப்பியது. கீழாநெல்லி அரைத்து நாலு வீட்டிலிருந்து வந்ததாம். "அதையெல்லாம் நிறுத்துங்க, மாத்திரை போதும்" என்று அவரை நாங்கள் கெஞ்ச வேண்டியிருந்தது.

"அசதி இருக்கா அண்ணாச்சி?"

"அதை ஏன் கேக்கிய! எந்திரிச்சா காலு ரெண்டும் தேக்கு மரமா கனக்கு. பேப்பர் படிக்க உக்காந்தா கண்ணு சொருகுது. குளிச்சா அசதி, குளிக்காட்டா அதைவிட அசதி..."

பத்து நிமிஷம் போயிற்று. படிவத்தில் இடம் போதாமல் பின்பக்கம் எழுதினேன்.

"சரக்கு உண்டா?"

அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

"விசேசத்துக்கு மட்டும்."

"வாரத்துல ஏழு விசேசம்" என்றார் மனைவி, கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாத்திரை எத்தனை மணிக்கு, டப்பா எங்கே இருக்கிறது, அடுத்த டெஸ்ட் என்றைக்கு, எல்லாவற்றுக்கும் அந்த அம்மாள்தான் பதில். அண்ணாச்சியின் பங்கு வாயைத் திறப்பது மட்டும். இப்படி ஆண் நோயாளிகள் பலருக்குச் சம்பளமில்லாத நர்ஸ் ஒருவர் வீட்டிலேயே இருந்தார். ஆண்களுக்கு மாத்திரை விட்டுப்போகாததற்கு நான் கொடுத்த அறிவுரைதான் காரணம் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இசக்கியம்மாளிடமும் முதல் நாளே அதே கேள்வியைக் கேட்டிருந்தேன்.

"அசதி இருக்கா?"

"அசதின்னா எப்படி அண்ணாச்சி இருக்கும்?"

"காலையில எந்திரிச்சதுல இருந்து முடியாம, எப்படா படுப்போம்னு..."

"அது எல்லாருக்கும் உள்ளதுதான?"

'அசதி: இல்லை' என்று எழுதிவிட்டேன். சரக்கு உண்டா என்று அவரிடம் கேட்கவேயில்லை. பெண்களுக்கு அந்தக் கட்டத்தில் நானாகவே 'இல்லை' போட்டுவிடுவேன். பிறகு ஒருநாள் களக்காட்டுக் கிழவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "என்கிட்ட கேக்காமலே இல்லன்னு போடுதீரே, நீரு என்ன எங்கூடயேவா இருக்கீரு?" என்று கேட்டாள். அவளுக்கு உண்டு. தினமும் உண்டு. ஈரலுக்கு நல்லதில்லை என்று சொல்ல வேண்டிய ஆளிடம் நான் அதுவரை சொல்லாமலே இருந்திருக்கிறேன்.

முகாமிலிருந்து திரும்பிய ஹெலன் சிஸ்டர் இசக்கியம்மாள் படிவத்தைப் பார்த்தார். அவருக்கு என்னைவிட இருபது வயது குறைவு, வாய் இருபது மடங்கு அதிகம்.

"சார், அசதி இல்லையா? இந்த ஹீமோகுளோபின வச்சிக்கிட்டு இந்தம்மா நடந்து வந்ததே அதிசயம். பொம்பளையாளுககிட்ட அசதி இருக்கான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாவ. எத்தனை பீடின்னு கேளுங்க."

அடுத்த முறை ரத்த டெஸ்டுக்கு வந்தபோது கேட்டோம். ரெண்டு வருஷம் முன்புவரை ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றிய கை. இப்போது அறுநூறுக்கே விரல் மடங்க மறுக்கிறதாம். "வயசாயிட்டுல்லா" என்றார். சிஸ்டர் என் 'இல்லை'யை அடித்து 'கடுமையாக உண்டு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். இரண்டாவது கோடு எனக்கானது.

எங்கள் அறைக்கான டாக்டரம்மா அன்று நேரம் எடுத்து எங்களுக்கு விளக்கினார். இந்தக் கிருமி சில பேருக்கு மருந்தில்லாமல் தானாகவே போய்விடுமாம், அந்த அதிர்ஷ்டம் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல். ஈரல் கெடுவதும் பெண்களுக்குப் பொதுவாக மெதுவாகத்தான். ஆனால் மாதவிடாய் நிற்கும் வயதுக்குப் பிறகு அந்தச் சலுகை குறைந்துவிடும். ஆண்களுக்கு ஈரல் சீக்கிரம் இறுகும், சரக்கும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். "அதனால இந்தம்மாவுக்கு இதுதான் சரியான நேரம். ஒரு நாளும் விடாம பாத்துக்கோங்க" என்றார்.

"எனக்கு எப்படி மேடம்?" என்று தொப்பையைத் தடவிக்கொண்டே கேட்டேன்.

"உங்களுக்குக் கொழுப்பு" என்றார் டாக்டரம்மா. என் ஈரல் ஸ்கேனைத்தான் சொன்னார் என்று இன்றுவரை நம்புகிறேன்.

3. தையல் மெஷின் திட்டம்

இருபத்தெட்டாவது நாள் செவ்வாய்க்கிழமை. இசக்கியம்மாள் இரண்டாவது டப்பா வாங்க வர வேண்டும். வரவில்லை. புதன்கிழமை பதினோரு மணிக்கும் வரவில்லை. அவர் கையில் மாத்திரை தீர்ந்திருக்கும். ஒரு நாளும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான். ஹெலன் சிஸ்டர் வார்டுக்குப் போயிருந்தார். 'நானே கூப்பிட்டால் என்ன?' என்று தோன்றியது. என் வாழ்க்கையில் எனக்குத் தோன்றிய யோசனைகளில் பாதியை யாராவது பக்கத்தில் இருந்து தடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நம்பரை அடித்தேன். மணி போனது. எடுத்தது ஆண் குரல். பின்னால் வண்டிச் சத்தம், நையாண்டி மேளச் சத்தம்.

"யாருலே?"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த வீட்டில் ஒரு போன்தான். அது புருஷன் சட்டைப் பையில் இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் புக்கிங் எல்லாவற்றுக்கும் அந்த நம்பரைச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், ஆஸ்பத்திரிப் படிவத்துக்கும் அதையே ஒப்பித்திருக்கிறது. நானும் யாருடையது என்று கேட்கவில்லை.

வைத்துவிட்டிருக்கலாம். தவறான நம்பர் என்றிருக்கலாம். அறுபதை நெருங்கும் ஒரு மனிதனுக்கு இந்த இரண்டில் ஒன்றாவது தோன்றியிருக்க வேண்டும். எதிரே சுவரில், மகளிருக்கு இலவசத் தையல் எந்திரம் என்று பழைய போஸ்டர் ஒன்று பாதி கிழிந்து தொங்கியது.

"இசக்கியம்மாள் வீடா? தையல் மெஷின் திட்டத்துல இருந்து பேசுதோம்" என்றேன்.

அந்தப் பக்கம் குரல் உடனே இளகியது. "அண்ணாச்சி! சொல்லுங்க அண்ணாச்சி! நான் அவ வீட்டுக்காரன், சுடலைமுத்து."

"அவங்க பேரு லிஸ்ட்ல வந்திருக்கு. நேத்து வரணும், வரல."

"ஊர்ல கோயில் கொடை அண்ணாச்சி. வீடு நிறைய விருந்தாளுக. அவ அடுக்களைய விட்டு நகர முடியல. எங்கன வரணும்?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ஆஸ்பத்திரியிலயா மெசின் குடுக்காவ?"

"ஆமா... இங்க எடம் காலியா இருக்குன்னு..."

ஒரு மருத்துவமனையில் இடம் காலியாக இருப்பதாகச் சொன்ன முதல் அரசு ஊழியன் நானாகத்தான் இருப்பேன். அந்த ஆள் அதையும் நம்பினார். நாளைக் காலையிலேயே அனுப்புகிறேன் என்றார். போனை வைத்துவிட்டு, என்ன சாமர்த்தியம் என்று என்னையே மெச்சிக்கொண்டு ஒரு டீ குடித்தேன்.

4. குட்டியானை வந்தது

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. வாழைத்தார் ஏற்றுகிற வண்டி. மெஷின் ஆடாமல் இருக்கப் பின்னால் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். கயிறு, பழைய மெத்தை, தயாராக இருந்தன. ஓட்டி வந்தவர் சுடலைமுத்து. நெல் மூட்டையை ஒரு தோளில் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் பீடி பற்றவைக்கிற உடம்பு. சட்டைப் பையில் ஒரு கற்றைக் காகிதம்.

பக்கத்து சீட்டில் இசக்கியம்மாள். அவர் பார்த்த பார்வையை நான் விவரிக்க மாட்டேன். செருப்பு இந்த முறை காலில் இருந்தது.

"அண்ணாச்சி, நீங்கதான் பேசினதா? கொரல வச்சே கண்டுபிடிச்சிட்டேன்" என்று சுடலைமுத்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். காகிதக் கற்றையை நீட்டினார். "எங்க தெருப் பொம்பளையாளுக நாலு பேருக்கு ஆதார் ஜெராக்ஸ் கொண்டாந்திருக்கேன். அவியளுக்கும் பாத்துச் செய்யுங்க. எங்கம்மா ஒண்ணு கேட்டா, ஊசியில நூல் கோக்க அவளுக்குக் கண்ணு பத்தாது, அதனால அதை விட்டுட்டேன்."

"மெஷின்... ஸ்டாக்கு..."

"வரலையா? வெயிட் பண்ணுதோம். இன்னைக்கு லோடு இல்ல."

"இல்ல, கையெழுத்துப் போடணும், மேல ஆபீசர்..."

"ஆபீசர் எங்க? நான் பேசுதேன்."

நான் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கடைசியாக எப்போது குளித்தீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால் இப்போதுதான் என்று சொல்லியிருப்பேன். வார்டிலிருந்து வந்த ஹெலன் சிஸ்டர் வண்டியைப் பார்த்தார், வைக்கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இசக்கியம்மாளை மட்டும் உள்ளே கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன், ஒளிந்துகொள்ள.

"எம் பொழப்பக் கெடுத்துட்டியளே அண்ணாச்சி" என்றார் இசக்கியம்மாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. "இருவத்தெட்டு நாள் பீடி எலை மூட்டைக்குள்ள ஒளிச்சு வச்சுத் தின்னேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. இப்பம் தெரு முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு தெரியும். நாளைக்கு மெசின் எங்கன்னு கேட்பாவ. என்னத்தச் சொல்லுவேன்?"

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன். முப்பது வருஷ சர்வீஸில் நோயாளியிடம் அந்தச் சொல்லை அன்றுதான் சொன்னேன்.

ஹெலன் சிஸ்டர் சொன்னார்: "இவரு செஞ்சது தப்புதான். ஆனா உங்களக் கேக்காம நாங்க யாருகிட்டயும் உங்க நோயைச் சொல்ல மாட்டோம். மெஷின் கேன்சல்னு சொல்லி உங்க வீட்டுக்காரர அனுப்பவும் என்னால முடியும். சொல்லணுமா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். எதுவானாலும் மாத்திரை நிக்கக் கூடாது."

இசக்கியம்மாள் மேஜையில் இருந்த இரண்டாவது டப்பாவைப் பார்த்தார். பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். கால் சறுக்கும் என்று தெரிந்தே ஆற்றுப்படியில் இறங்குகிற நடை.

சுடலைமுத்து வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "மெசினு வந்துட்டுதா?"

"மெசினும் இல்ல, கிசினும் இல்ல. எனக்கு ஈரல்ல கிருமி. ஒரு மாசமா மாத்திரை திங்கேன். இன்னும் ரெண்டு மாசம் திங்கணும். எங்க அம்மா வீட்டுக்குப் போன்னா இப்பமே சொல்லிருங்க, இங்கனயே பஸ் ஏறிருதேன்."

சுடலைமுத்து என்னைப் பார்த்தார். "என்னவே இது?" அண்ணாச்சியாக இருந்த நான் 'வே' ஆகிவிட்டேன்.

"மெசின் பொய். கிருமி நெசம்" என்றேன். நான் ஒழுங்காகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

"ஒரு மாசமாவா?" என்றார் மனைவியிடம். "ஏளா, எங்க வச்சிருந்த?"

"எலை மூட்டையில."

"அதுக்கு மேலதான தெனம் உக்காந்து சோறு தின்னேன்!"

அவர் மூளைக்கு முதலில் எட்டியது அதுதான். பிறகு, "எப்படி வந்துச்சு?" என்று சிஸ்டரிடம் கேட்டார். இசக்கியம்மாள் தலையாட்டிய பிறகு சிஸ்டர் சொன்னார். இளைய மகள் பிறந்தபோது ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கிருமிக்கு எல்லா இடத்திலும் டெஸ்ட் கிடையாது. அதில் வந்திருக்கலாம்.

சுடலைமுத்து வண்டியின் பின்பக்கம் வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ரத்தத்துக்கு நாந்தான அலைஞ்சேன். மழையில சைக்கிள மிதிச்சுக்கிட்டு, காலுல விழாத குறையா கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேனே, நாந்தான் இவளக் காப்பாத்தினேன்னு."

"காப்பாத்தத்தான் செஞ்சிய" என்றார் இசக்கியம்மாள். "அது இல்லன்னா அன்னைக்கே போயிருப்பேன். இப்பம் இந்தக் கிருமியோட சண்டை போடவாது ஆள் இருக்கேன்ல?"

பிறகு சுடலைமுத்துவையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னார் சிஸ்டர். சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வீரமாக உள்ளே வந்தார். ஊசி தோலைத் தொட்டதும் அப்படியே சரிந்தார். நாங்கள் மூன்று பேர் பிடித்தும் என் மேல்தான் விழுந்தார். என் தொப்பையால் ஒரு மனிதனுக்கு உபகாரம் நடந்தது அன்று ஒருநாள்தான். இரண்டு பிரசவம், ஏகப்பட்ட ஊசி, எட்டு மாத ரத்தப்போக்கு எல்லாம் பார்த்த இசக்கியம்மாள் புருஷன் தலையை மடியில் வைத்து விசிறிக்கொண்டே, "பயப்படாதிய, பயப்படாதிய, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று தேற்றிக்கொண்டிருந்தார். நோயாளி யார் என்று பக்கத்து வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

சுடலைமுத்துவுக்குக் கிருமி இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே டம்ளரில் குடித்தாலும் வராது என்று சிஸ்டர் நான்கு முறை சொல்லி அனுப்பினார். பிளேடு, பல்லுத் தேய்க்கும் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும் என்றார்.

5. ரிப்போர்ட்

மூன்றாவது டப்பா வாங்க இசக்கியம்மாள் தானாகவே, சொன்ன நாளில் வந்தார். வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

"அத்தை தனி டம்ளர் எடுத்து வச்சிட்டாவ அண்ணாச்சி. சில்வர் டம்ளர், அடியில சிவப்பு பெயின்ட் பொட்டு வச்சு. எங்க வீட்டுக்காரவிய வந்தாவ, அந்த டம்ளரை எடுத்தாவ, அதுலயே காப்பிய ஊத்திக் குடிச்சாவ. மறுநாளும் அதுலதான் குடிச்சாவ. மூணாம் நாள் அத்தைக்கே வெறுத்துப்போயி பொட்டச் சுரண்டிட்டாவ."

தெருவில் மெஷின் கேட்ட நாலு பெண்களும் சுடலைமுத்துவைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்களாம். அவர், "ஆஸ்பத்திரியில ஒரு தொப்பைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்லியிருக்கிறார். அதில் பொய் எதுவும் இல்லாததால் நான் மறுக்கவில்லை.

நான் திருந்தியது இப்படி. நம்பர் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவால் இன்னொரு கட்டம் போட்டேன். 'இந்த நம்பர் அடிச்சா யார் எடுப்பா? அவருக்குத் தெரியுமா?' தெரியாது என்று சொல்கிற பெண்களுக்குப் போன் செய்வதே இல்லை. அவர்களாக எந்த நாள் வர முடியும் என்று முதலிலேயே கேட்டு, கோயில் கொடை, கல்யாணம், நாற்று நடவு எல்லாம் பார்த்து, முன்கூட்டியே மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்தோம். அசதி இருக்கிறதா என்று பெண்களிடம் கேட்பதை விட்டேன். பீடி எத்தனை, சுமக்கிற தண்ணீர்க் குடம் எத்தனை, முன்பு எத்தனை என்று கேட்டேன். சரக்கு உண்டா என்று எல்லோரிடமும் கேட்டேன். மாதவிடாய் என்ற சொல்லை வீட்டில் கண்ணாடி முன் நின்று பத்து முறை சொல்லிப் பழகினேன். எட்டாவது முறை என் மனைவி கதவைத் திறந்துவிட்டாள். அது வேறு கதை.

எண்பத்து நான்கு நாள் முடிந்து, மேலும் பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் கடைசி டெஸ்ட். அப்போது கிருமி இல்லாவிட்டால் குணமானதாகக் கணக்கு. அந்த இடைவெளியில் இசக்கியம்மாளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷனும் முடிந்து ரத்தப்போக்கு நின்றிருந்தது. ரிப்போர்ட் வந்த அன்று புருஷனும் மனைவியும் சேர்ந்தே வந்தார்கள். சுடலைமுத்து ஊசி உண்டா என்று வாசலிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

காகிதத்தைப் பிரித்தேன். நாட் டிடெக்டட் என்று இருந்தது. இன்னொரு முறை படித்தேன். அப்படியேதான் இருந்தது.

"கிருமி இல்லம்மா."

"இல்லையா? அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணுமில்ல."

இசக்கியம்மாள் அந்தச் சொல்லை வாயில் போட்டுப் பார்ப்பதுபோல் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல." பிறகு சிரித்தார்.

"இந்த இருவத்தஞ்சு வருசத்துல எத்தனை டாக்டருகிட்டப் போயிருப்பேன் அண்ணாச்சி. கை அசருதும்பேன், தல சுத்துதும்பேன். எல்லாரும் இதைத்தான் சொன்னாவ. 'ஒண்ணுமில்லம்மா, நல்லாச் சாப்பிடு, போ.' இவியளும் இதத்தான் சொல்லுவாவ, 'ஒனக்கு என்ன, ஒண்ணுமில்ல.' இன்னைக்குத்தான் நெசமாவே ஒண்ணுமில்லாம இருக்கேன்."

சுடலைமுத்து சுவரைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். ஹெலன் சிஸ்டர் மட்டும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு என்னிடம் பெரிய அறிவுரை எதுவும் இல்லை. மாத்திரைப் பெயரெல்லாம் ஒரு வாரத்தில் நாக்குக்கு வந்துவிடும். 'ஒண்ணுமில்ல' என்ற சொல்லை மட்டும் ரிப்போர்ட் கையில் வரும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள்.